கொம்பியூட்டருக்குக் காய்ச்சல் வந்தால்

(தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், ஞாயிறு மாலைக் கூட்டத்தில், பெற்றோருக்கும் இளைஞர் யுவதிகளுக்கும் எமது களப் பணியாளர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இந்த மழைக்குள்ளே, அதுவும் ஓய்வு நாளில், விறகு தேடுகிற வேலையையும் துணி துவைக்கிற வேலையையும் விட்டுவிட்டு இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். போன தடவை இதே மடுவத்தில் பிள்ளைகளின் போசாக்கைப் பற்றிப் பேசினோம். அன்றைக்கு இதில் பாதிக் கூட்டம்கூட இல்லை. கொம்பியூட்டர் என்றதும் உட்காரப் பாய் போதவில்லை. அதில் எங்களுக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு, சந்தோஷமும் உண்டு.

2020ஆம் ஆண்டு கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடிய பிறகுதான் இந்தப் பெட்டி நமது லயங்களுக்குள் அதிகமாக வரத் தொடங்கியது. பாடம் போனில் வந்தது. போனின் சின்னத் திரையைப் பார்த்துப் பிள்ளைகளுக்குக் கண் வலித்தது. கொழும்பில் வேலை செய்கிற அண்ணன் ஒரு பழைய லெப்டொப்பைக் கொண்டுவந்து கொடுத்தார், இன்னொரு வீட்டில் சீட்டுக் காசில் வாங்கினார்கள், வேறொரு வீட்டில் அம்மாவின் தோட்டை அடகு வைத்தார்கள். வாங்குகிற வரைக்கும் எல்லோரும் யோசித்தோம். அது கெட்டுப் போனால் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. ஆகவே இன்றைக்கு அதைப் பேசுவோம்.

முதலில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறோம். எந்தத் தோட்டம், யார் வீடு என்று கேட்காதீர்கள்.

தகப்பனார் கவ்வாத்து வெட்டுகிறவர், தாயார் கொழுந்தெடுக்கிறவர். மூத்த மகள் உயர்தரம் படிக்கிறது. வீட்டில் மேசையில் வைக்கிற பழைய கொம்பியூட்டர் ஒன்று. ஒரு நாள் காலையில் பிள்ளை அதைப் போட்டுப் பார்த்தால் இன்டர்நெட்டில் ஒரு பக்கமும் திறக்கவில்லை. எதைத் தொட்டாலும் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை. தகப்பனார் பெட்டியைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு டவுனுக்குப் போனார். கடையில், "மதர்போர்ட் போயிருச்சு, மாத்தணும்" என்று ஒரு தொகை சொன்னார்கள். அரை மாதம் பேர் போட்டாலும் வராத தொகை. மனுசன் ஒன்றும் பேசாமல் அதே மாதிரி மடியில் வைத்துத் திரும்பக் கொண்டு வந்துவிட்டார்.

இரண்டு கிழமை அந்தப் பெட்டி துண்டு போர்த்தி மூலையில் கிடந்தது. தாயார், "நீ என்னத்தையோ நோண்டியிருப்ப, அதான்" என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு தடவைதான். ஆனால் அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. நாங்கள் வேறு ஒரு காரியமாக அங்கே போயிருந்தபோது, கூட்டம் கலைந்த பிறகு பின்னால் வந்து மெதுவாகக் கேட்டது: "சார், நான் ஒண்ணுமே பண்ணல. ஒருக்கா வந்து பாப்பீங்களா?"

போய்ப் பார்த்தோம். பெட்டி சரியாகத்தான் எழும்பியது. திரையின் கீழ் மூலையில் திகதியைப் பார்த்தோம். பல வருஷத்துக்கு முந்திய ஒரு ஜனவரி முதலாம் திகதி!

இவ்வளவுதான் வருத்தம். மேசைக் கொம்பியூட்டரின் உள்ளே, மதர்போர்ட்டில், காசு மாதிரி வட்டமாக ஒரு பெட்டரி இருக்கிறது. சி.ஆர். 2032 என்று அதில் எழுதியிருக்கும், 3 வோல்ட். பிளக்கைக் கழற்றினாலும் கொம்பியூட்டரின் கடிகாரம் நிற்காமல் ஓடுவது இதனால்தான். நெருப்புப் பிடித்துவிடும் என்ற பயத்தில் நாங்கள் எல்லோரும் ராத்திரியில் பிளக்கைக் கழற்றிவிட்டுப் படுக்கிறோம், அது நல்ல பழக்கம்தான். ஆனால் கழற்றுகிற ஒவ்வொரு ராத்திரியும் கடிகாரத்தை அந்தச் சின்னப் பெட்டரி தனியே இழுக்கிறது. வருஷங்கள் போக அது செத்துவிடும். உடனே கொம்பியூட்டர் பழைய திகதிக்குப் போய்விடும்.

திகதிக்கும் இன்டர்நெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு இணையத்தளமும் உள்ளே விடுவதற்கு முன் ஒரு சான்றிதழைக் காட்டும். இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதி வரைக்கும் செல்லும் என்று அதில் இருக்கும். கொம்பியூட்டர் தன்னுடைய திகதியோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கிறது. பிரட்டுக்களத்தில் ஒரு கணக்கப்பிள்ளை பல வருஷத்துக்கு முந்திய காலண்டரை வைத்துக்கொண்டு பேர் எழுதினால் எப்படி? அப்போது நீங்கள் வேலைக்கே சேர்ந்திருக்கமாட்டீர்கள். "உன் பேர் இன்னும் பதியலையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அதேதான் இங்கும் நடந்தது. புதுப் பெட்டரி ஒன்று போட்டோம், திகதியைச் சரியாக வைத்தோம், எல்லாப் பக்கமும் திறந்தது. செலவு, ஒரு பாணும் கொஞ்சம் சீனியும் வாங்குகிற காசு.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அது எங்களுக்குத் தெரியாது. அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று தகப்பனாரைக் கேட்டோம். "கொம்பியூட்டர் வேலை செய்யலன்னு சொன்னேன்" என்றார். திகதி பிழையாக இருந்ததை அந்தப் பிள்ளை முதல் நாளே கண்டிருக்கிறது. எச்சரிக்கையில் என்ன எழுதியிருந்தது என்பதையும் வாசித்திருக்கிறது. ஆனால் பிள்ளையை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே, நாம்தான் கெடுத்துவிட்டோம் போல என்ற பயத்தில் அதுவும் வாய் திறக்கவில்லை. தெரிந்த ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்க, தெரியாத ஆள் மடியில் வைத்துத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போனார்.

நாம் டிஸ்பென்சரிக்குப் போய் "உடம்புக்கு முடியல" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் மருந்து ஐயா என்ன செய்வார்? எத்தனை நாளாகக் காய்ச்சல், குளிர் இருக்கா, வாந்தி இருக்கா, நேற்று என்ன சாப்பிட்டாய் என்று துருவித் துருவிக் கேட்பார். அங்கே நாம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லுகிறோம். கொம்பியூட்டர்க் கடையில் மட்டும் வாயை மூடிக்கொள்கிறோம், நமக்கு இதெல்லாம் தெரியாதே என்ற வெட்கம். நோயைச் சொல்ல டாக்டருக்குப் படித்திருக்க வேண்டுமா?

ஆகவே ஒரு பழைய அப்பியாசக் கொப்பியைக் கொம்பியூட்டர் பக்கத்திலேயே வையுங்கள். கோளாறு வந்த அன்றைக்கே எழுதிவிடுங்கள். எப்போது தொடங்கியது, அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன செய்தோம், எப்போதும் வருகிறதா சில நேரம் மட்டும் வருகிறதா, திரையில் என்ன எழுதி வந்தது, சத்தம் ஏதும் கேட்டதா. கொம்பியூட்டர் எழும்பாமல் 'பீப், பீப்' என்று கத்தினால் எத்தனை தடவை கத்துகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை வைத்தே எந்தப் பாகத்தில் வருத்தம் என்று தெரிந்தவர் ஓரளவுக்குக் கண்டுபிடித்துவிடுவார். திரையில் ஆங்கிலத்தில் வருவதை வாசிக்கத் தெரியாவிட்டால் போனில் ஒரு படம் எடுங்கள். அதுவும் முடியாவிட்டால் கோலத்தைப் பார்த்துப் போடுவது மாதிரி எழுத்தைப் பார்த்து அப்படியே வரைந்துவிடுங்கள். 'ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு' என்று மட்டும் போய்ச் சொல்லாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கோளாறு என்றதும் "யாருடா உடைச்சது?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எந்த வீட்டிலும் பதில், "நான் இல்ல" என்பதுதான். "கடைசியா என்ன செஞ்ச, என்ன பார்த்த?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் உண்மை வரும்.

சரி, டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போகுமுன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை சில இருக்கின்றன.

கொம்பியூட்டர் அப்படியே உறைந்து நின்றுவிட்டால் ஒருமுறை நிற்பாட்டி மறுபடி போடச் சொல்லுவார்கள். இளைஞர்கள் சிரிக்கிறீர்கள். இது மந்திரம் இல்லை. பல வேலைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு நினைவகத்தில் நூல் கண்டு மாதிரிக் கிடக்கும், மறுபடி எழும்பும்போது அது சுத்தமாகிறது. ஆனால் இதில் ஒரு சூட்சுமம். இப்போதைய வின்டோஸில் 'ஷட்டவுன்' கொடுத்தால் அது முழுதாக மூடுவதில்லை. அடுத்த முறை சீக்கிரம் எழும்புவதற்காகக் கொஞ்சத்தை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு தூங்கும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்கும். ஆகவே கோளாறு நேரத்தில் ரீஸ்டார்ட் கொடுங்கள். லெப்டொப் ஒரேயடியாகச் செத்த மாதிரிக் கிடந்தால், சார்ஜரைக் கழற்றிவிட்டு, சுவிட்சை அரை நிமிசம் விடாமல் அழுத்திப் பிடித்து, பிறகு சார்ஜரைக் குத்திப் போட்டுப் பாருங்கள். செத்தது என்று நினைத்தவை சில இப்படி எழும்பியிருக்கின்றன.

திரை கறுப்பாக இருந்தால் இருட்டில் டோர்ச் லைட்டைத் திரைக்குச் சரிவாக அடித்துப் பாருங்கள். உள்ளே மங்கலாகப் படம் தெரிந்தால் கொம்பியூட்டர் உயிரோடுதான் இருக்கிறது, திரைக்குப் பின்னால் வெளிச்சம் கொடுக்கிற பகுதிதான் போயிருக்கிறது. கடையில் இதைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது கரண்ட். இது நம் லயங்களுக்கே உரிய தொல்லை. பின்னேரம் ஆறு மணிக்கு மேல் எல்லாக் காம்பராவிலும் லைட், டீவி, சோறு ஆக்குகிற குக்கர், அடுத்த நாள் பள்ளிக்கூட உடுப்புக்கு அயர்ன். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் அது இறங்கிவிடும். அந்த நேரம் கொம்பியூட்டர் தன்பாட்டில் அணைந்து மறுபடி எழும்பும். "பேய் பிடிச்ச மாதிரி தானா ஓஃப் ஆகுது" என்று ஓர் அம்மா சொன்னார். பேய் இல்லையம்மா, அடுத்த வீட்டு அயர்ன். இப்படி நடந்தால் கொப்பியில் நேரத்தைக் குறித்து வையுங்கள். பின்னேரம் மட்டும்தான் வருகிறதா? அப்படியானால் பகலில், வேறு ஒரு இடத்தில், இந்த மடுவத்திலேயே கொண்டுவந்து போட்டுப் பாருங்கள். இங்கே இரண்டு மணித்தியாலம் ஒழுங்காக ஓடினால் வருத்தம் பெட்டியில் இல்லை, வீட்டு வயரில் அல்லது மல்டி பிளக்கில். பிளக்கின் கால்கள் ஆடுகிறதா, கறுத்துப் போயிருக்கிறதா, தொட்டால் சுடுகிறதா என்று பாருங்கள். கறுத்திருந்தால் அதை எறிந்துவிடுங்கள். வயரை முறுக்கி டேப் சுற்றுகிற வேலை வேண்டாம். அதற்கு எலக்ட்ரீசியன் இருக்கிறார்.

கொம்பியூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற அந்த இரும்புப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆளைத் தூக்கி எறிகிற அளவு மின்சாரம் தேங்கியிருக்கும். லெப்டொப்பின் பெட்டரி வீங்கி அடிப்பக்கம் புடைத்திருந்தால் அதையும் அழுத்தவோ குத்தவோ வேண்டாம். சார்ஜில் போடாமல் அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி இடிக்கிற காலம். முதல் இடிச் சத்தத்துக்கே பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் ஓஃப் பண்ணினால் போதாது. டெலிபோன் வயர் வழியாக இன்டர்நெட் எடுக்கிறவர்கள் அந்த வயரையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் வரும். தலைக்கு மேலேயே இடி விழுகிற நேரத்தில் மட்டும் ஓடிப்போய்ப் பிளக்கைத் தொடாதீர்கள். பெட்டி போனால் போகட்டும்.

இனிப் புகையும் பனியும். காம்பராவும் அடுப்படியும் பக்கத்துப் பக்கத்தில். விறகுப் புகையின் கரி கொம்பியூட்டருக்குள்ளே இருக்கிற சின்ன விசிறியில் போய் ஒட்டிக்கொள்கிறது. விசிறி மெதுவாகச் சுற்றும், உள்ளே சூடேறும், இருபது நிமிசத்தில் கொம்பியூட்டர் அணைந்துவிடும். அது கெட்டுப் போய் அணைவதில்லை, சூட்டில் வெந்துபோகாமல் தன்னைக் காப்பாற்ற அணைகிறது. லெப்டொப்பை மெத்தையிலும் கம்பளியிலும் வைத்துப் பாவிப்பதும் இதையேதான் செய்யும், காற்று வழி அடைபட்டுவிடும். ஒரு பலகையின் மேல் வையுங்கள். தூசைக் காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள், பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான். வாயால் ஊதாதீர்கள், எச்சிலின் ஈரம் உள்ளே போகும். மழைக்காலத்தில் நமது சுவர் கசியும், ஆகவே சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம். குளிரில் வெளியே இருந்து கொண்டுவந்த பெட்டியை உடனே போடாமல் ஒரு மணித்தியாலம் விட்டுப் போடுங்கள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிற மாதிரி உள்ளேயும் படிந்திருக்கும்.

தேத்தண்ணி கொட்டின கதை எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் வேறு என்ன கொட்டும்? கொட்டினால் முதல் வேலை துடைப்பது அல்ல, அணைப்பது. சுவிட்சை அழுத்திப் பிடித்து அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பெட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் கழற்றி, கீபோர்ட் கீழே பார்க்கிற மாதிரிக் கவிழ்த்து வையுங்கள். இரண்டு நாள் போடாதீர்கள். 'இப்ப வேலை செய்யுதா' என்று பார்க்கிற ஆசையில்தான் பல லெப்டொப்கள் செத்திருக்கின்றன. ஒருவர் சீக்கிரம் காயட்டும் என்று அடுப்புக்கு மேலே, விறகு காய வைக்கிற இடத்தில் வைத்துவிட்டார். தேத்தண்ணி காய்ந்தது, லெப்டொப்பும் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. சீனி போட்ட தேத்தண்ணியாக இருந்தால் காய்ந்த பிறகும் உள்ளே பிசுபிசுப்பு நிற்கும், அதைத் திறந்து சுத்தம் பண்ணத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். கடையில் வெட்கப்படாமல், "தேத்தண்ணி கொட்டிச்சு, சீனி போட்டது" என்று சொல்லுங்கள்.

மெதுவாக ஓடுகிறது என்ற முறைப்பாடு நிறைய வருகிறது. டிஸ்க்கில் இடம் நிரம்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாதிக் கொம்பியூட்டரில் படம்தான் நிரம்பியிருக்கும். பழைய பெட்டிகளில் சுற்றுகிற தட்டு உள்ள ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. அதை மாற்றி எஸ்.எஸ்.டி. போட்டால் அதே பெட்டி வேறு பெட்டி மாதிரி ஓடும், புதிது வாங்குவதைவிடச் செலவும் மிகக் குறைவு. வின்டோஸ் 10க்கு அந்தக் கம்பனி கொடுத்துவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றன. அதற்காக உங்கள் பெட்டி நின்றுவிடாது. ஆனால் காசு பரிமாறுகிற வேலைகளை அதில் செய்வது அவ்வளவு நல்லதல்ல. புதிது வாங்கியே தீரவேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

டேட்டா ஒரே நாளில் முடிந்துவிடுகிறது என்று பிள்ளைகளை ஏசுகிறவர்களுக்கும் ஒன்று. பிள்ளை படம் பார்த்திருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போனில் இருந்து இன்டர்நெட் கொடுத்தவுடன் வின்டோஸ் தனக்கு வேண்டிய அப்டேட்டையெல்லாம் சத்தமில்லாமல் இறக்கத் தொடங்கும். செட்டிங்ஸில் வைஃபைப் பகுதிக்குப் போய் 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்பதைப் போட்டுவிட்டால், இது அளந்து வாங்குகிற டேட்டா என்று தெரிந்து பெரிய அப்டேட்டுகளை இறக்காமல் பெரும்பாலும் பொறுத்திருக்கும். மாதத்தில் ஒரு நாள், இலவச வைஃபை கிடைக்கிற இடத்தில், அப்டேட் பண்ணிக்கொள்ளுங்கள். பண்ணாமலே விட்டுவிடாதீர்கள்.

தமிழ் எழுத்து விசயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு தம்பி வேலைக்கு விண்ணப்பக் கடிதம் ஒன்றைத் தமிழில் அழகாக அடித்து, பென்டிரைவில் போட்டு டவுனுக்குக் கொண்டுபோனார். அங்கே திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும். "வைரஸ் வந்திருச்சு" என்று சொல்லி, அந்தத் தம்பி கடைசித் திகதியைத் தவறவிட்டார். வைரஸ் ஒன்றும் இல்லை. அவர் அடித்தது பாமினி எழுத்தில். பாமினியில் உள்ளே இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான், அவற்றின் மேல் தமிழ் முகமூடி போட்டிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் முகமூடி கழன்று ஆங்கிலம் தெரியும். இப்படி வந்தால் எழுத்தையெல்லாம் தெரிவு செய்து பாமினியை மாற்றிப் பார்க்க வேண்டும், அந்தக் கொம்பியூட்டரில் பாமினி இருந்தால் தமிழ் உடனே வந்துவிடும். இல்லாவிட்டால், வீட்டிலேயே கடிதத்தைப் பீ.டீ.எஃப். ஆகச் சேமித்துக் கொண்டுபோக வேண்டும், முகமூடியும் கூடவே போகும். எல்லாவற்றையும்விட நல்லது, யுனிகோட்டில் அடிக்கப் பழகுவது. அதில் 'அ' என்றால் எந்தக் கொம்பியூட்டரிலும் எந்தப் போனிலும் 'அ' தான்.

பென்டிரைவைக் கண்ட கண்ட இடத்தில் குத்தி எடுத்து வந்தால் சில நேரம் உள்ளே இருந்த ஃபோல்டர் எல்லாம் மறைந்து, அதே பெயரில் அம்புக்குறி போட்ட குறுக்குவழிகள் மட்டும் தெரியும். இது நிஜமான வைரஸ். அந்த அம்புக்குறிகளை அமத்தாதீர்கள். உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் உள்ளேயேதான் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். பதறிப்போய் 'ஃபோர்மட்' கொடுத்தால்தான் அவை உண்மையில் போகும்.

ஃபோர்மட் என்ற இந்த ஒரு சொல்லுக்காகவே இன்றைக்கு உங்களைக் கூப்பிட்டோம் என்றாலும் தப்பில்லை.

எங்களுக்குத் தெரிந்த ஓர் இளைஞர் தன் லயத்து ஆட்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறவர். ஈ.பி.எஃப். காசு எடுக்கப் போகிறவர்களுக்கு நம்மிடத்தில் உள்ள பெரிய சங்கடம் உங்களுக்குத் தெரியும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் இன்னொரு பெயர். ராமாயி ஓர் இடத்தில் ராமாய், மற்ற இடத்தில் ரமாயி. அந்தத் தம்பி வீடு வீடாகப் போய், யார் யாருக்கு எந்த எழுத்து எங்கே பிழை என்று விசாரித்து, நம்பர்களோடு ஒரு பட்டியல் செய்து கொம்பியூட்டரில் வைத்திருந்தார். இரண்டு மாத வேலை. ஒரு நாள் கொம்பியூட்டர் எழும்பவில்லை. கடையில் கொடுத்தார். அவர்கள் ஃபோர்மட் அடித்து, புது வின்டோஸ் போட்டு, கழுவித் துடைத்த சட்டி மாதிரித் திருப்பிக் கொடுத்தார்கள். பட்டியலும் இல்லை, கடிதங்களும் இல்லை. "உள்ள சாமான் இருக்குன்னு நீங்க சொல்லலையே" என்றார்களாம். சொல்லவில்லைதான். கேட்கவும் இல்லை. இவர் திரும்ப ஒரு வீட்டுக்குப் போனபோது, முதலில் விவரம் கொடுத்த வயதான அம்மா இறந்துபோயிருந்தார். அவருடைய பழைய தோட்டத்து விவரம் மகனுக்குத் தெரியவில்லை.

வின்டோஸ் எழும்பவில்லை என்றால் ஃபைல்கள் போய்விட்டன என்று அர்த்தமில்லை. வீட்டுக் கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான். சாமான் உள்ளே இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கொம்பியூட்டரில் பூட்டினால் பெரும்பாலும் எடுக்கலாம். ஆகவே கடையில் கொடுக்கும்போது முதல் வசனம், "என்னைக் கேட்காம ஃபோர்மட் பண்ண வேணாம்" என்பதாக இருக்க வேண்டும். வாயால் சொல்வதோடு, ஒரு கடுதாசியில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவிடுங்கள். எவ்வளவு வரும் என்று முதலில் கேளுங்கள், அதற்கு மேல் போனால் போன் பண்ணச் சொல்லுங்கள். பாகம் ஏதும் மாற்றினால் பழைய பாகத்தைத் திருப்பித் தரும்படி கேளுங்கள். ரசீது வாங்குங்கள். இதெல்லாம் சண்டைக்குப் போவது இல்லை, நல்ல கடைக்காரர் கோபிக்கமாட்டார்.

ஹார்ட் டிஸ்க்கில் இருந்து 'கடக் கடக்' என்று சத்தம் வந்தால் மட்டும் மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். அது சாகப்போகிற சத்தம். ஒவ்வொரு தடவை போடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாய்ப் போகும்.

முக்கியமான எதையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். பென்டிரைவில் ஒன்று, மற்றொன்று கூகுள் டிரைவ் போன்ற இடத்தில். அந்தத் தம்பியின் பட்டியலில் இருந்தது பத்துப் பக்கம்கூட இல்லை. ஒரு பாட்டைவிடச் சின்ன ஃபைல். பிரிண்ட் எடுத்துத் தகரப் பெட்டியில் வைத்திருந்தாலே போதும்.

கடைசியாக, உதவி கேட்கிற நம்மை மடக்குகிற ஆட்களும் இருக்கிறார்கள். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாகி, சத்தம் போட்டு, 'உங்கள் கொம்பியூட்டரில் வைரஸ், இந்த நம்பருக்கு அழையுங்கள்' என்று வரும். அழைக்கவே அழைக்காதீர்கள். மைக்ரோசொஃப்ட்டின் எச்சரிக்கைகளில் டெலிபோன் நம்பர் ஒருபோதும் வராது, அந்தக் கம்பனியே அப்படிச் சொல்லியிருக்கிறது. பிரவுசரை மூடுங்கள், மூடாவிட்டால் ரீஸ்டார்ட் கொடுங்கள். வேறு சிலர் தாங்களே போன் எடுத்து, "உங்க கொம்பியூட்டர சரி பண்றோம், இந்த எப்ப போடுங்க" என்று எனிடெஸ்க் மாதிரி ஒன்றைப் போடச் சொல்லுவார்கள். அது கெட்ட சாமான் அல்ல, தூரத்தில் இருந்து திருத்துவதற்கு நல்லவர்களும் பாவிக்கிறார்கள். ஆனால் போட்டு அனுமதி கொடுத்தால் அந்த ஆள் உங்கள் மேசையில் வந்து உட்கார்ந்த மாதிரி. நீங்கள் தேடிப்போய்க் கேட்ட, முகம் தெரிந்த ஆளுக்கு மட்டும் அதைக் கொடுங்கள். போனுக்கு வருகிற ஓ.டீ.பீ. நம்பரை அவருக்கும் கொடுக்க வேண்டாம்.

பேச்சு நீண்டுவிட்டது, வெளியே இருட்டியும் வருகிறது. அந்தச் சுவரோரம் மூன்று பெட்டிகளைத் துண்டு போர்த்திக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். கரண்ட் இருக்கும்போதே பார்த்துவிடுவோம். முதலில் சாக்கில் சுற்றியிருக்கிறதே, அது யாருடையது? முன்னுக்கு வாங்க. சார்ஜர் வயரையும் கொண்டுவாங்க, அதை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தால் தம்பி ஒருத்தரை ஓடிப்போய் எடுத்துவரச் சொல்லுங்க. அது வரும்வரைக்கும், பாவிக்கிற பிள்ளையே சொல்லட்டும்: கடைசியா என்ன பார்த்தம்மா?